மில் சத்தத்துக்கு மேல

உக்காருங்கம்மா. அங்கிட்டு வேண்டாம், அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை. இங்கிட்டு உக்காருங்க. குழந்தைகள் நலக் குழு இன்னும் கூடலை. பத்தரைன்னு போர்டுல எழுதியிருக்காக, ஆனா தலைவி அம்மா வர்றதுக்குப் பதினொண்ணு ஆகும். நான் ஒம்பது மணிக்கே வந்துட்டேன். வேலையில இருந்த காலத்துல இருந்து பழக்கம். கோர்ட்டுக் கதவு திறக்குறதுக்கு முன்னாடி நான் வாசல்ல நிப்பேன்.

நீங்க எந்தப் பிள்ளை விசயமா வந்தீங்க? சரி, சொல்ல வேண்டாம். இங்க யாரும் யாரையும் கேக்கக் கூடாது. குழந்தை பேரை வெளிய சொல்லக் கூடாது, ஊரைச் சொல்லக் கூடாது, படிக்கிற பள்ளிக்கூடத்தைச் சொல்லக் கூடாது. சட்டம். நானும் சொல்ல மாட்டேன். பாப்பான்னு மட்டும் சொல்றேன். ஒரு பேரை வாயில வச்சுக்கிட்டே சொல்லாம இருக்குறது எனக்கு எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. என் பொழப்பே பேர் சொன்ன பொழப்பு.

குருவையா என் பேரு. இருபத்தொம்பது வருசம் டவாலி. பாத்திருப்பீங்களே, ஜட்ஜுக்கு முன்னாடி வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமா 'உஷ்ஷ்'னு சொல்லிக்கிட்டே போவானே, அந்த ஆளு. ஐயா உக்காந்ததும் வாசலுக்கு வந்து பேரைக் கூப்பிடணும். மூணு தடவை. நான் கூப்பிட்டா எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழ வச்சுட்டு ஓடி வருவான். பொய் இல்லம்மா. ஒரு ஜட்ஜ் ஐயா புதுசா வந்தவரு, மைக் ஒண்ணு வாங்கிரலாமான்னு கேட்டாரு. குருவையாவுக்கு எதுக்கு மைக்குன்னு வக்கீலுகளே சிரிச்சுட்டாக.

இருங்க, யாரோ படியேறுறாக.

இல்ல. தண்ணி கேன் போடுறவரு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ரிட்டயர் ஆகி நாலு வருசம். வீட்டுல இருப்புக் கொள்ளல. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். "இப்பிடியே நடந்தீகன்னா தரை தேஞ்சு போகும், எங்கிட்டாவது போய்த் தொலைங்க"ன்னு எங்க வீட்டுல சத்தம் போட்டா. அப்பத்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல தன்னார்வலர் எடுக்குறாகன்னு கேள்விப்பட்டேன். அடிபட்ட பிள்ளைக, சோறு தண்ணி இல்லாம விட்டுட்டுப் போன பிள்ளைக, அதுகளைக் குழு எங்கயாவது பத்திரமான இடத்துல வச்சிருக்கும்ல? அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு பெரியாளு வேணும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போய்ப் பாக்கணும், குழுவுக்கு எழுதிக் குடுக்கணும், விசாரணை அன்னைக்குக் கூட வந்து நிக்கணும். சம்பளம் கிடையாது. கோர்ட்டுல கூட நிக்கிறதுதானே, நான் வாழ்நாள் பூரா செஞ்சது அதுதானேன்னு பேரைக் குடுத்துட்டேன்.

ரெண்டு நாள் பயிற்சி. சட்டத்தையெல்லாம் மண்டையில ஏத்திக்கிட்டேன். எந்தப் பிரிவுன்னு கேளுங்க, சொல்றேன். ரெண்டாம் நாள் மத்தியானம் குழந்தைககிட்ட எப்பிடிப் பேசுறதுன்னு ஏதோ ஒரு படம் போட்டாக. அன்னைக்குச் சாப்பாடு வெஜிடபிள் பிரியாணி, எனக்குக் கிடைச்ச இடம் ஃபேனுக்கு நேர் கீழ. கொஞ்சம் கண்ணு சொக்கிருச்சு. அது கிடக்கட்டும். பிள்ளைகிட்டப் பேசுறதைப் போயி யாராவது படம் போட்டுச் சொல்லிக் குடுப்பாகளா?

எனக்கு முதல்ல குடுத்த பிள்ளை இந்தப் பாப்பாதான். எட்டு வயசு, மூணாங் கிளாஸ். தாய் காய்ச்சல்ல போயிருச்சு, பிள்ளைக்கு அப்ப மூணு வயசு. தகப்பன் பெயிண்டர். குடி. கெட்ட மனுசன்னு சொல்ல முடியாதுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாக. நான் சொல்லுவேன். பிள்ளையை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போறேன்னு போனவன் ரெண்டு நாள் வரல. ஒரு பாக்கெட் ரொட்டியும் குடத்துல தண்ணியும். பிள்ளை என்ன செஞ்சிருக்கா தெரியுமா? ஜன்னல் கம்பியில சாப்பாட்டுத் தட்டை வச்சுத் தட்டியிருக்கா. டக், டக்னு. ரெண்டாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பொம்பளை ஏதோ சத்தம் கேக்குதேன்னு வந்து பாத்து, பத்து ஒம்பது எட்டுக்கு, அதான் குழந்தைக உதவி நம்பருக்கு, போன் போட்டிருக்கு.

கத்தலை பாருங்க. தட்டைத்தான் தட்டியிருக்கா. ரெண்டு நாளும் வாயைத் திறந்து ஒரு சத்தம் போடல. ஏம்மா கத்தலைன்னு நான் பின்னாடி கேட்டேன். கத்துனா அப்பாவுக்குப் பிடிக்காதுன்னா. அதைச் சொன்னதும் ரகசியம் சொல்ற மாதிரித்தான். குனிஞ்சு காதைக் கிட்டக்க கொண்டு போனாத்தான் கேட்டுச்சு.

குழு அவளைக் கோமதி வீட்டுல விட்டுச்சு. தத்து இல்லம்மா. வளர்ப்புக் குடும்பம்னு சொல்வாக. பெத்தவுக தேறி வர்ற வரைக்கும், இல்ல வேற ஏற்பாடு ஆகுற வரைக்கும், ஒரு குடும்பம் தன் பிள்ளை மாதிரி வச்சுப் பாக்குறது. கோமதியும் அவ வீட்டுக்காரரும் மாவு மில் வச்சிருக்காக. முன்னாடி மில்லு, பின்னாடி வீடு. பிள்ளை இல்லாதவுக. நல்ல மனுசங்க, அதுல குறையே சொல்ல முடியாது. நான் முதல் தடவை போறப்ப பாப்பா தலையெல்லாம் கேப்பை மாவு, கையில தோசை. பாத்ததும் மனசு நிறைஞ்சு போச்சு.

ஒரே ஒரு விசயந்தான் எனக்கு உறுத்துச்சு. அந்தக் கோமதி மில்லுச் சத்தத்துலயே இருந்து இருந்து, உதட்டைப் பாத்தே என்ன பேசுறாகன்னு புரிஞ்சுக்குவா. மிளகாய் அரைக்க வந்தவுக, கோதுமை அரைக்க வந்தவுக, யாரும் கத்த வேண்டியதில்ல, வாயை அசைச்சாப் போதும். பாப்பாவுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு. இவ உதட்டை அசைப்பா, அவ சிரிப்பா. அவ ஏதோ அசைப்பா, இவ ஓடிப் போய்ச் சொம்பை எடுத்துட்டு வருவா. ரெண்டு பேரும் மணிக்கணக்காப் பேசுவாக, ஒரு சத்தம் வராது. இப்பிடியே விட்டா இந்தப் பிள்ளை எந்தக் காலத்துல வாயைத் திறந்து பேசும்? எனக்குப் பாக்கப் பாக்க எரிச்சலா வரும்.

எனக்கும் ஒரு மக இருக்கா, கோயம்புத்தூர்ல. போன்ல முணுமுணுன்னுதான் பேசுவா. கேக்கல, சத்தமாப் பேசுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இப்ப அவ பேசுறதில்ல, மெசேஜ் போட்டுருவா. அது வேற கதை.

மணி என்ன ஆச்சு? பத்து முப்பத்தஞ்சு. கொஞ்சம் நின்னுக்கிறேம்மா, உக்காந்தா முழங்கால் பிடிச்சுக்குது. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

போன தை மாசம் தகப்பன்காரன் மனு போட்டான். குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சாம், மருத்துவமனையில சர்ட்டிபிகேட் குடுத்திருக்காகளாம், பிள்ளையைத் திருப்பிக் குடுங்கன்னு. ஏழு மாசம்! நான் கோர்ட்டுல எத்தனை ஏழு மாசத்தைப் பாத்திருக்கேன். திரும்ப அந்தப் பூட்டு, திரும்ப அந்த ஜன்னல். நான் உயிரோட இருக்குற வரைக்கும் அது நடக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

குழு பிள்ளையைத்தான் கேக்கும், நீ யாருகூட இருக்க ஆசைப்படுறன்னு. கேட்டா இது என்ன செய்யும்? உதட்டை அசைக்கும். தலைவி அம்மா என்ன மில்லா நடத்துறாக? அவுகளுக்கு என்ன வெளங்கும்? இருபத்தொம்பது வருசம் நான் பாத்ததும்மா, கோர்ட்டுல தணிஞ்சு பேசுனவன் செயிச்சதில்ல. நியாயம் இருக்கும், சத்தம் இருக்காது, எழுந்திருச்சுப் போயிருவான். கண்ணுக்கு முன்னாடி ஆயிரம் பேரு அப்பிடிப் போயிருக்கான். அதனால விசாரணைக்கு முன்னாடி அவளைத் தயார் பண்ணிறணும்னு நெனச்சேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போனவன் வாராவாரம் போனேன். ஆறு சனிக்கிழமை. யாரு போவா சொல்லுங்க, ரெண்டு பஸ் மாறி?

நானே உக்காந்து எழுதுனேன். இன்னும் மனப்பாடமா இருக்கு. "கனம் குழு அவர்களுக்கு வணக்கம். நான் என் சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் சொல்வது என்னவென்றால், என்னை வளர்ப்புக் குடும்பத்திலேயே தொடர்ந்து வைத்திருக்க வேண்டுகிறேன். என் தந்தையின் முகத்தைப் பார்க்கவும் நான் விரும்பவில்லை." அம்புட்டுத்தான். மூணே வரி. வக்கீல் எழுதியிருந்தாக்கூட இம்புட்டுக் கச்சிதமா இருக்காது.

அடுத்து, சத்தம். அதுக்கு ஒரு யோசனை பண்ணேன். மில்லு ஓடிக்கிட்டிருக்கும். பாப்பாவை வாசப்பக்கம் நிக்க வைப்பேன். நான் உள்ள போயி மிளகாய் மிஷினுக்குப் பக்கத்துல நிப்பேன். மில் சத்தத்துக்கு மேல எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா கையை ஆட்டுவேன், மறுபடி முதல்ல இருந்து. நல்ல யோசனையா இல்லையா? முதல் வாரம் ஒண்ணும் கேக்கல. ரெண்டாவது வாரம் 'கனம்' மட்டும் கேட்டுச்சு.

கோமதி வந்து, "ஐயா, பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கிட்டு வருது, போதும் விட்டுருங்கய்யா. அதுபாட்டுக்குச் சொல்லும்"னா. "உங்களுக்குக் கோர்ட்டு தெரியுமாம்மா?"ன்னு கேட்டேன். அவ உள்ள போயி பனங்கல்கண்டு போட்டுப் பால் காய்ச்சிக் குடுத்தா. நானும் ஒரு டம்ளர் குடிச்சேன்.

ஆறாவது சனிக்கிழமை. ரெண்டு மிஷினும் ஓடுது. ஒரு பொம்பளை மிளகாய்ச் சாக்கோட நிக்குது. பாப்பா கையைக் கட்டி, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஒரே மூச்சுல சொன்னா பாருங்க! கணீர்னு. அந்தப் பொம்பளை பயந்துபோய்ச் சாக்கைக் கீழ போட்டுருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மிளகாய் நெடி கொஞ்சம் இருக்கும், இல்லைங்கல. ஆனா சந்தோசத்துலயும் வந்துச்சு. என் குரலை ஒரு பிள்ளைக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சேன்.

விசாரணை இதே இடத்துலதான். உள்ள, அந்தக் கதவுக்கு அங்கிட்டு. தலைவி அம்மா, உறுப்பினருக மூணு பேரு, தகப்பன், அவனோட வக்கீலு, கோமதி, நான், பாப்பா. தகப்பன் மூலையில உக்காந்திருந்தான். கையில ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள கலர் பென்சில் டப்பா தெரிஞ்சுச்சு. வேசம்னு நெனச்சுக்கிட்டேன்.

தலைவி அம்மா நாற்காலியை விட்டு எந்திரிச்சு வந்து, பாப்பா பக்கத்துல சின்ன ஸ்டூல்ல உக்காந்து, என்னடா கண்ணு சாப்பிட்டியான்னு கேட்டாக. அது தேவையில்லாத கேள்வி. பாப்பா என்னைய ஒரு தடவை பாத்தா. நான் தலையை அசைச்சேன். கையைக் கட்டுனா, கண்ணை மூடுனா, ஆரம்பிச்சா. ஒரு எழுத்துப் பிசகல. அந்தச் சின்ன ரூமு அதிர்ந்துச்சு. உறுப்பினர் ஒருத்தரு கையில வச்சிருந்த டீ சிந்திருச்சு. தந்தையின் முகத்தைன்னு சொல்றப்ப மட்டும் கண்ணைத் திறந்து மூலையைப் பாத்தா. ஆனா நிறுத்தல. முடிச்சுட்டா.

நான் நிமிர்ந்து நின்னேன். செயிச்சாச்சுன்னு நெனச்சேன். தலைவி அம்மா ஸ்டூலை இன்னும் கிட்டக்க இழுத்துப் போட்டாக. அப்புறம் மெதுவாக் கேட்டாக, "தூண்டுதல்னா என்னடா கண்ணு?"

பாப்பா முழிச்சா. அதை நான் சொல்லிக் குடுக்கல.

"சரி, இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா, அதே மில்லுச் சத்தத்துல சொன்னா. "தாத்தா! யாரும் சொல்லிக் குடுக்கலைன்னு சொல்லச் சொல்லித் தாத்தா சொல்லிக் குடுத்தாக!"

சிரிக்காதீங்கம்மா. நீங்க சிரிக்கல, சரி. அன்னைக்கும் யாரும் சிரிக்கல.

தகப்பனோட வக்கீல் எந்திரிச்சுட்டாரு. வளர்ப்பு வீட்டுல வச்சுப் பிள்ளை மனசைக் கலைச்சிருக்காக, இந்த வாக்குமூலத்தை எடுத்துக்கக் கூடாது, பிள்ளை அங்க இருக்கவே கூடாதுன்னாரு. தலைவி அம்மா கோமதியைக் கேட்டாக, "இதெல்லாம் உங்க வீட்டுல வச்சா நடந்துச்சு?" அவ ஆமான்னா. இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவா? நான் குறுக்க விழுந்து சொன்னேன், அம்மா, நான்தான் எழுதுனேன், நான்தான் சொன்னேன், அந்தப் பொம்பளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு. "பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பிள்ளை நடுங்குது பாருங்க"ன்னாக. இருபத்தொம்பது வருசம் ஊரைப் பாத்து உஷ்னு சொன்னவனை, அன்னைக்கு உஷ்னு உக்கார வச்சுட்டாக.

நாலு வாரம் தள்ளி வச்சாக. அதுவரைக்கும் பாப்பா கோமதி வீட்டுலயும் இல்ல, தகப்பன்கிட்டயும் இல்ல. குழந்தைகள் இல்லத்துல. நாப்பது பிள்ளைகளோட. என்னைய இந்த வழக்குல இருந்து எடுத்துட்டாக. பாப்பாவைப் பாக்கக் கூடாது. எழுதி வாங்கிக்கிட்டாக.

என்ன நியாயம்மா இது? நான் செஞ்சதுக்கு என்னைய உள்ள தூக்கி வைக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு எதுக்குத் தண்டனை? பாப்பாவை இல்லத்து வண்டியில ஏத்தி விட்டுட்டுக் கோமதி படியில இறங்கி வந்தா. என் முன்னாடி நின்னா. திட்டுவான்னு நெனச்சேன். உதடு மட்டும் அசைஞ்சுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.

யாரு அது? தலைவி அம்மாவா? இல்ல, ஆபீஸ் பொண்ணு.

சட்டப்படி நான் இன்னைக்கு இங்க வரக் கூடாது. உள்ள போக மாட்டேன். இந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அவ வர்றதையும் போறதையும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிருவேன். இளைச்சிருக்காளான்னு மட்டும். நாலு வாரமா வீட்டுல சோறு இறங்கல. புதுசா யாரோ ஒரு ஆளைப் போட்டிருக்காகளாம் அவளுக்கு. யாரோ என்னமோ. கோர்ட்டு தெரிஞ்ச ஆளா இருந்தாத் தேவலை.

ஏம்மா, உங்க மடியில இருக்குற ஃபைலைக் கொஞ்சம் திருப்புங்க. இல்ல, திருப்பவே வேண்டாம், தலைகீழாப் படிக்கிறது கோர்ட்டு ஆளுகளுக்குப் பழக்கம். அந்த நம்பரு... அது பாப்பா வழக்கு நம்பரும்மா.

நீங்கதானா?

முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான்பாட்டுக்கு உளறிக்கிட்டு இருக்கேன். சரி, நல்லதாப் போச்சு. சாமிதான் உங்களை இந்தப் பெஞ்சுல உக்கார வச்சிருக்கு. இங்க பாருங்க தாயி, நேரம் இல்ல. அவ வந்ததும் ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போங்க. தூண்டுதல்ங்கிற வரியை எடுத்துறச் சொல்லுங்க. சுயநினைவையும் எடுத்துறலாம். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்க. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா என்ன சொல்லணும்னா...

ஏன் தலையை ஆட்டுறீங்க?

என்ன கேட்டீங்க?

அவளுக்கு என்ன வேணும்னு நான் கேட்டேனான்னா? அதைக் கேட்டுத்தான் தெரியணுமா? ரெண்டு நாள் பூட்டிக் கிடந்த பிள்ளைக்கு என்ன வேணும்? நான் கேக்கல. அவளும் ஒண்ணும்... 

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

ஒரு தடவை சொன்னா. மூணாவது சனிக்கிழமை. பாதியில கரண்ட் போயிருச்சு. மில்லு நின்னுருச்சுன்னா காதுக்குள்ள ஈ பறக்குற மாதிரி இருக்கும். பாப்பா வாசப்பக்கத்துல இருந்து நடந்து கிட்டக்க வந்தா. என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு, "தாத்தா, அப்பா முகத்தைப் பாக்க மாட்டேங்கிற வரியை மட்டும் விட்டுறலாமா? நான் கோமதிம்மாகிட்டயே இருந்துக்கிறேன். அப்பா ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போகட்டும்"னா. கரண்ட் இல்லாததால நல்லாக் கேட்டுச்சு. சின்னக் குரல்தான், ஆனா ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன்? "ரெண்டு பக்கமும் பேசுற சாட்சி நிக்காதும்மா, ஒண்ணுன்னா ஒண்ணுதான் சொல்லணும்"னேன். சரின்னா. கரண்ட் வந்துருச்சு. மிஷின் ஓட ஆரம்பிச்சுச்சு. "ம், முதல்ல இருந்து"ன்னேன். இவளும் போயி வாசப்பக்கத்துல நின்னுக்கிட்டா.

அதைச் சொன்னா வழக்கு கெட்டுப் போகும்மா. தகப்பன் வக்கீல் பிடிச்சுக்க மாட்டாரா, பாத்தீங்களா பிள்ளை அப்பாவைத் தேடுதுன்னு?

என்ன? நெசமாவா?

பிள்ளை வளர்ப்பு வீட்டுலயே இருக்க, தகப்பன் வாரம் ஒருக்கா வந்து ஒரு ஆளு முன்னாடி பாத்துட்டுப் போக... அப்பிடி உத்தரவு போடுவாகளா? நீங்களே போன மாசம் வேற ஒரு பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தீகளா? அப்ப அவ கேட்டது... அந்த எட்டு வயசுப் பிள்ளை கேட்டது சட்டத்துலயே இருக்கா?

இருபத்தொம்பது வருசம் வாசல்ல நின்னு கூப்பிட்டேன்மா. உள்ள வந்து நின்னவுக என்ன சொன்னாகன்னு ஒரு நாள் நான் கேட்டதில்ல. கூப்பிட்டேன்னா என் வேலை முடிஞ்சுச்சு, அடுத்த பேரு. அதே மாதிரி இந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு வச்சுட்டு, அவ வாயைத் திறந்தப்ப அடுத்த பேருக்குப் போயிட்டேன். அவ வீட்டை நான்தான் கெடுத்தேன். குழு இல்ல. நான்தான்.

நான் இப்ப சொன்னதை எழுதிக்கிருங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கரண்ட் போன அன்னைக்குச் சொன்னா, தேதி வேணும்னாலும் சொல்றேன். வேண்டாமா? ஆமா. ஆமா, நான் சொல்லி என்ன. திரும்பவும் தாத்தா சொன்னதுன்னுதான் ஆகும். அவதான் சொல்லணும்.

கோமதியைக் கூப்பிட்டிருக்காகளா இன்னைக்கு? கூப்பிட்டிருக்காகளா? உள்ள பிள்ளைக்கு எதிர்த்தாப்புல உக்கார வைக்கச் சொல்லுங்க. பக்கத்துல இல்ல, எதிர்த்தாப்புல. உதடு தெரியணும். சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்குத் தெரியும்.

தலைவி அம்மா வந்துட்டாக பாருங்க. பின்னாடியே... வந்துட்டா. அந்தா, இல்லத்து அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு. நீலக் கவுனு. இளைச்சுத்தான் இருக்கா. எண்ணெய் வைக்கல தலைக்கு. நான் மறைஞ்சுக்கிறேன், நீங்க முன்னாடி...

பாத்துட்டா.

ஐயோ, நின்னுட்டாளே. கையைக் கட்டுறா. கண்ணை மூடுறா. அம்மா, அவ சொல்லப் போறா, என்னையப் பாத்ததும் பாடத்தைச் சொல்லப் போறா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நிறுத்திருவா, ஆனா கூப்பிடக் கூடாது, நான் கூப்பிட்டா இந்தக் கட்டடமே திரும்பும். விடுங்கம்மா, ரெண்டு அடி, ரெண்டே அடி கிட்டக்கப் போயிட்டு வந்துர்றேன்.

தங்கம், கண்ணைத் திற. வேண்டாம். பாடம் முடிஞ்சு போச்சு. தாத்தா எழுதுனது தப்பு. அன்னைக்குக் கரண்ட் போனப்ப ஒண்ணு சொன்னேல்ல, அது... இல்ல, அதையும் நான் சொல்லல. ஒனக்கு என்ன தோணுதோ அது. மெதுவாவே சொல்லு. இங்க மில்லு ஓடல. ஃபைல் வச்சிருக்குற இந்த அக்காவுக்கு நல்லாக் காது கேக்கும்.

கையை இறக்கிட்டா. பாருங்கம்மா, இறக்கிட்டா. உதட்டை அசைக்கிறா என்னையப் பாத்து. என்ன சொல்றா? எனக்குத் தெரியலையே. உங்களுக்கு வெளங்குதா?

சரி, கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருந்தா அவ திரும்பித் திரும்பிப் பாப்பா. கீழ டீக்கடையில இருக்கேன். அவ உள்ள என்ன சொன்னான்னு எனக்குச் சொல்ல வேண்டாம்மா, சொல்லவும் கூடாது, சட்டம். சொன்னாளான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.